பள்ளிக் கதவைத் தட்டிய கைகள்

கல்வியைக் கண்ணோடு ஒப்பிட்டுப் பேசுவது தமிழ் மரபு. முகத்தில் உள்ள கண் ஒளியைக் காட்டும். கல்வி என்னும் கண் உலகைக் காட்டும் என்பர் சான்றோர். அங்ஙனமாயின், முகத்துக் கண் ஒளியிழந்த குழந்தைக்குக் கல்விக் கண்ணும் மறுக்கப்படலாமா? செவியும் கேளாத குழந்தைக்கு எந்தப் பள்ளி இடம் தரும்? இடம் கிடைத்தாலும் அக்குழந்தை எவ்வாறு பாடம் கேட்கும்? எவ்வாறு தேர்வு எழுதும்? இவ்வினாக்கள் அனைத்தையும் ஒரே வாழ்வில் எதிர்கொண்டு விடை கண்டவர் ஹெலன் கெல்லர். அவருடைய மனவுறுதியை உலகம் அறியும். அவரைக் கல்வி பெறச் செய்வதற்கும், கல்விக்கூடங்களில் அவருக்கு வேண்டிய உதவிகளைப் பெறுவதற்கும் நடந்த முயற்சிகளைப் பலரும் அறியார். அம்முயற்சிகளின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் பேரிடரும்

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் உள்ளது அலபாமா மாநிலம். அங்குள்ள டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் 1880ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் ஹெலன் கெல்லர் பிறந்தார். தந்தை ஆர்தர் கெல்லர் உள்நாட்டுப் போரில் படைத்தலைவராக இருந்தவர்; பின்னர்ச் செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியராகப் பணியாற்றியவர். தாய் கேட் கெல்லர் நூல்களைப் படிப்பதில் நாட்டம் மிக்கவர்.

பிறந்தபோது ஹெலனிடம் எக்குறையும் இல்லை. பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது கடுமையான காய்ச்சல் கண்டது. குழந்தை பிழைப்பது அரிது என மருத்துவர் கருதினார். காய்ச்சல் வந்த விரைவிலேயே தணிந்தது, வீட்டார் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. குழந்தையின் கண்கள் பார்வையை இழந்திருந்தன; செவிகள் கேட்கும் ஆற்றலை இழந்திருந்தன. பிறர் பேசுவதைக் கேட்டே குழந்தைகள் பேசக் கற்கின்றன. கேட்க இயலாமையால் ஹெலனின் மழலையும் மெல்ல மெல்ல மறைந்தது.

அறிவு மட்டும் குன்றவில்லை. தம் தேவைகளைத் தெரிவிக்க ஹெலன் தாமே சைகைகளை உருவாக்கிக்கொண்டார். ரொட்டி வேண்டுமெனில் அதைத் துண்டு போட்டு வெண்ணெய் தடவுவது போலக் கைகளை அசைப்பார். பனிக்கூழ் வேண்டுமெனில் அதைச் செய்யும் பொறியைச் சுழற்றுவது போலக் காட்டிக் குளிரில் நடுங்குவது போல நடிப்பார். ஆனால் வளர வளர உள்ளத்தில் எழுந்த எண்ணங்களுக்கு இச்சைகைகள் போதவில்லை. பிறர் உதடுகளை அசைத்து ஏதோ செய்துகொள்கின்றனர் என்பதைத் தொட்டு உணர்ந்தார், தாமும் உதடுகளை அசைத்துப் பார்த்தார், பயன் விளையவில்லை. அவ்வேளைகளில் சினம் பொங்கும், உதைப்பார், கதறுவார். ஒருநாள் தாயை உணவுப்பொருள் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். தாய் மூன்று மணிநேரம் உள்ளே இருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இதனைக் குறும்பு என்று கொள்வாரும் இருந்தனர். அறிவின்மை என்று கொள்வாரும் இருந்தனர். மொழி கிடைக்காத ஓர் உள்ளத்தின் தவிப்பே அது என்பதை உணர்ந்தவர் மிகச் சிலரே.

பெற்றோரின் தேடல்

கெல்லர் குடும்பத்தார் வாழ்ந்த ஊருக்கு அருகில் பார்வையற்றோர் பள்ளியும் இல்லை. செவித்திறன் குறைந்தோர் பள்ளியும் இல்லை. இரு குறைபாடுகளும் ஒருசேர அமைந்த குழந்தைக்குக் கற்பிக்க ஓர் ஆசிரியர் அச்சிற்றூருக்கு வருவார் என நம்புவதற்கும் வழியில்லை. எனினும் தாய் நம்பிக்கையைக் கைவிடவில்லை. அதற்குக் காரணம் ஒரு நூல்.

ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் அமெரிக்கப் பயணத்தைப் பற்றி 1842இல் ஒரு நூல் வெளியிட்டார். பாஸ்டன் நகரில் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளிக்குச் சென்றதையும், அங்கே லாரா பிரிட்ஜ்மன் என்னும் சிறுமியைக் கண்டதையும் அதில் விரித்துரைத்திருந்தார். லாராவும் பார்வையும் கேள்வியும் இழந்தவர். அப்பள்ளியின் தலைவர் மருத்துவர் சாமுவேல் ஹோவே அவருக்கு மொழியைக் கற்பித்திருந்தார். இதனைப் படித்த கேட் கெல்லரின் உள்ளத்தில் ஓர் ஒளிக்கீற்று தோன்றியது. ஆனால் ஹோவே 1876இலேயே மறைந்துவிட்டார். அவருடைய கற்பிக்கும் முறையும் அவரோடு மறைந்திருக்குமோ என்னும் ஐயமும் தாயை வாட்டியது.

ஹெலனுக்கு ஆறு வயதானபோது, பால்டிமோர் நகரில் புகழ்பெற்ற கண் மருத்துவர் ஒருவர் இருப்பதைப் பெற்றோர் கேள்வியுற்றனர். 1886ஆம் ஆண்டு தொடர்வண்டியில் மகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டனர். சிசோம் என்னும் அம்மருத்துவர் குழந்தையை ஆய்ந்தார். கண்ணுக்குச் செய்யத்தக்க மருத்துவம் ஏதுமில்லை என்பதை மறைக்காமல் தெரிவித்தார். அத்துடன் நில்லாமல், குழந்தை கல்வி கற்கத்தக்கவள் என்றும் உறுதி கூறினார். வாஷிங்டன் நகரில் வாழும் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லைச் சந்திக்குமாறும் வழிகாட்டினார்.

தொலைபேசியைக் கண்டறிந்தவராகவே பெல்லை உலகம் போற்றுகிறது. அவர் செவித்திறன் குறைந்தோர்க்குக் கற்பிக்கும் ஆசிரியருமாவார். அவருடைய தாயும் மனைவியும் செவித்திறன் குறைந்தவர்கள். சிறுமி ஹெலனை மடியில் இருத்தி அவருடைய சைகைகளை அவர் எளிதில் புரிந்துகொண்டார். பெர்கின்ஸ் பள்ளியின் தலைவர் மைக்கேல் அனக்னோசுக்குக் கடிதம் எழுதி ஆசிரியர் ஒருவரைக் கேட்குமாறு அறிவுரை கூறினார். ஆர்தர் கெல்லர் உடனே எழுதினார். சில வாரங்களில் மறுமொழி வந்தது. ஆசிரியர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்பதே அச்செய்தி.

மருத்துவரிடம் தொடங்கிய தேடல் ஆசிரியரிடம் சென்று முடிந்தது. குறைபாட்டை நீக்கும் வழி இல்லையெனத் தெரிந்த அந்நாளிலேயே, கல்விக்கான வழியைப் பெற்றோர் கேட்டறிந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தாமே பள்ளி கேட்ட சிறுமி

அந்த ஆசிரியரின் பெயர் ஆன் சல்லிவன். வயது இருபது. அவருடைய இளமை வரலாறும் பள்ளியைத் தேடிய வரலாறே ஆகும்.

அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்து வந்த வறிய குடும்பத்தில் 1866இல் ஆன் பிறந்தார். சிறுவயதில் கண்ணோய் தாக்கிப் பார்வை பெரிதும் மங்கியது. தாய் இறந்தார், தந்தை பிரிந்தார். 1876இல் ஆனும் அவருடைய தம்பியும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டியூக்ஸ்பரி என்னும் ஊரில் இருந்த அரசு ஏழையர் இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். சில மாதங்களில் தம்பியும் இறந்தான். முதியோரும் நோயாளரும் நிறைந்த அவ்விடத்தில் அச்சிறுமி நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். பார்வையற்றோர்க்கெனப் பள்ளிகள் உள்ளன என்னும் செய்தி அங்கேதான் அவர் செவிக்கு எட்டியது.

1880ஆம் ஆண்டு அதிகாரிகள் அவ்வில்லத்தைப் பார்வையிட வந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் பிராங்க் சான்பார்ன். ஆனுக்கு அவருடைய முகம் தெரியவில்லை. அறையறையாக அக்குழுவினரைப் பின்தொடர்ந்தார். அவர்கள் வெளியேறும் வேளையில் கூட்டத்துக்குள் புகுந்து, தம்மைப் பள்ளிக்கு அனுப்புமாறு உரக்க வேண்டினார். அவ்வேண்டுகோள் வீண்போகவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் பெர்கின்ஸ் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினான்கு. எழுதவும் படிக்கவும் தெரியாது. உடன்பயின்ற மாணவியர் சிலர் எள்ளி நகையாடினர். ஆறே ஆண்டுகளில் வகுப்பின் முதல் மாணவியாகத் தேறினார். அறுவை மருத்துவத்தால் அவருடைய பார்வையும் ஓரளவு மீண்டது.

ஹெலன் பிறந்த அதே ஆண்டில் ஆன் பள்ளியைக் கேட்டுப் பெற்றார். ஒரு சிறுமிக்குக் கிடைத்த பள்ளி, மற்றொரு சிறுமிக்கு ஆசிரியரை உருவாக்கித் தந்தது.

விரல்வழி பிறந்த மொழி

1887ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் ஆன் சல்லிவன் டஸ்கம்பியா வந்து சேர்ந்தார். பெர்கின்ஸ் பள்ளிக் குழந்தைகள் கொடுத்தனுப்பிய பொம்மை ஒன்றை ஹெலனிடம் தந்தார். பொம்மையைக் குறிக்கும் சொல்லை அவருடைய உள்ளங்கையில் விரலெழுத்துகளால் எழுதினார். விரலெழுத்து என்பது ஒவ்வோர் எழுத்தையும் கைவிரல்களின் ஒரு நிலையால் உணர்த்தும் முறை. கேட்பவர் தம் கையை அவ்விரல்களின்மேல் வைத்துத் தொட்டு அறிவார். ஹெலன் அதனை விளையாட்டாகக் கருதித் திருப்பிச் செய்தார். பொருள்களுக்குப் பெயர் உண்டு என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

சிறுமியின் மேல் இரக்கம் கொண்ட வீட்டார் அவர் விரும்பியதை எல்லாம் விட்டுக்கொடுத்து வந்தனர். அந்நிலையில் பாடம் நடவாது என்பதை உணர்ந்த ஆன், பெற்றோரின் இசைவு பெற்றுத் தோட்டத்தில் இருந்த சிறுவீட்டில் ஹெலனோடு தனித்துத் தங்கினார். கண்டிப்பும் அன்பும் கலந்த அந்நாள்களில் ஹெலன் ஒழுங்குக்கு உடன்பட்டார்.

ஏப்ரல் 5ஆம் நாள் காலையில் ஆசிரியர் அவரை அடிகுழாய்க்கு அழைத்துச் சென்றார். ஒரு கையில் குளிர்ந்த நீர் பாய்ந்துகொண்டிருக்க, மற்றொரு கையில் நீர் என்னும் சொல்லை முதலில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் எழுதினார். ஹெலன் அசையாது நின்றார். கையில் எழுதப்படும் குறிகள் பாய்ந்தோடும் அப்பொருளின் பெயர் என்பது அவருக்குச் சட்டென விளங்கியது. தொட்ட பொருளின் பெயரை எல்லாம் கேட்கத் தொடங்கினார். அன்று மாலைக்குள் ஏறத்தாழ முப்பது சொற்களைக் கற்றார். பின்னர்ப் புடைப்பெழுத்துகளையும் பிரெயில் எழுத்துகளையும் தடவிப் படிக்கக் கற்றார்.

1888இல் ஆசிரியரும் மாணவியும் பாஸ்டன் சென்றனர். பெர்கின்ஸ் பள்ளியில் விரலெழுத்து அறிந்த பிற குழந்தைகளை ஹெலன் முதன்முதலாகச் சந்தித்தார். தம் மொழியிலேயே பேசும் தோழியரைக் கண்டது அவருக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. 1890இல் ஹோரஸ் மான் பள்ளியின் தலைவி சாரா புல்லரிடம் வாய்ப்பேச்சுப் பயிற்சி பெற்றார். 1894 முதல் 1896 வரை நியூயார்க் நகரில் ரைட் ஹ்யூமசன் பள்ளியில் பயின்றார். ஒவ்வொரு பள்ளியும் அவருடைய தேவையில் ஒரு பகுதியை நிறைவு செய்தது.

பொதுப்பள்ளியில் முதல் அடி

கல்லூரியில் பயில வேண்டும் என்பது ஹெலனின் சிறுவயது விருப்பம். அதற்கு ஆயத்தமாக 1896ஆம் ஆண்டு அக்டோபரில் கேம்பிரிட்ஜ் இளமகளிர் பள்ளியில் சேர்ந்தார். பார்வையும் கேள்வியும் உடைய மாணவியரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து பயின்றது அதுவே முதன்முறை. கல்விச் செலவுக்குப் பொருள் தேவைப்பட்டது. எழுத்தாளர் மார்க் ட்வைன் தம் நண்பராகிய செல்வர் ஹென்றி ரோஜர்சின் இல்லத்தாரிடம் ஹெலனுக்காகப் பரிந்து எழுதி உதவி பெற்றுத்தந்தார்.

அப்பள்ளியில் இத்தகைய மாணவிக்குக் கற்பித்த பட்டறிவு எவருக்கும் இல்லை. ஆன் சல்லிவன் ஒவ்வொரு வகுப்பிலும் உடனிருந்து, ஆசிரியர் கூறுவதை எல்லாம் ஹெலனின் கையில் எழுதினார். பாடநூல்களைப் புடைப்பெழுத்தில் ஆக்கித்தர லண்டனிலும் பிலடெல்பியாவிலும் இருந்த நண்பர்கள் முன்வந்தனர். ஆயினும் பல நூல்கள் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. ஆசிரியர்களுள் பள்ளித் தலைவர் ஆர்தர் கில்மனும் ஜெர்மன் மொழி ஆசிரியர் குரோட்டே அம்மையாரும் விரலெழுத்தைத் தாமே கற்றுக்கொண்டனர். அம்மையாரின் விரல்கள் மெதுவாகவே இயங்கின. எனினும் ஆன் சல்லிவனுக்குச் சிறிது ஓய்வளிக்கும் பொருட்டு வாரம் இருமுறை தனிவகுப்பில் ஹெலனுக்கு அவரே கற்பித்தார். ஆசிரியர் ஒருவர் மாணவரின் மொழியைக் கற்க எடுத்த அச்சிறு முயற்சியை ஹெலன் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

1897ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் ராட்கிளிஃப் கல்லூரிக்கான முதனிலைத் தேர்வு நடந்தது. தட்டச்சுப்பொறியின் ஓசை பிற மாணவியர்க்கு இடையூறாகும் என்பதால் ஹெலனுக்குத் தனி அறை ஒதுக்கப்பட்டது. கில்மன் வினாத்தாளை விரலெழுத்தால் படித்துக் காட்டினார். ஹெலன் விடைகளைத் தட்டச்சு செய்தார். தாம் எழுதியதைக் கில்மன் மீண்டும் படித்துக் காட்ட, வேண்டிய திருத்தங்களைக் கூறினார். ஒன்பது மணிநேரம் எழுதிய தேர்வுகள் அனைத்திலும் வெற்றி பெற்றார்; ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய இரண்டிலும் சிறப்புத் தகுதி பெற்றார்.

அடுத்த கல்வியாண்டில் இடர் நேர்ந்தது. ஹெலன் அளவுக்கு மீறி உழைக்கிறார் எனக் கருதிய கில்மன், அவருடைய பாடங்களைக் குறைத்துப் படிப்புக் காலத்தை நீட்டினார். ஆன் சல்லிவனிடமிருந்து மாணவியைப் பிரிக்கவும் முயன்றார். நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவாயினும், அம்முடிவில் மாணவியின் விருப்பம் கேட்கப்படவில்லை. தாய் கேட் கெல்லர் நேரில் வந்து நிலைமையை அறிந்து மகளைப் பள்ளியிலிருந்து விலக்கிக்கொண்டார். அதன்பின் மெர்ட்டன் கீத் என்னும் ஆசிரியரிடம் தனியே பயின்று ஹெலன் இறுதித் தேர்வுக்கு ஆயத்தமானார்.

தேர்வறையில் ஒரு தடை

1899ஆம் ஆண்டு ஜூன் 29, 30 ஆகிய நாள்களில் இறுதித் தேர்வு நடந்தது. இம்முறை ஆன் சல்லிவன் வினாத்தாளைப் படித்துக் காட்டக் கல்லூரியார் இசையவில்லை. பெர்கின்ஸ் பள்ளியைச் சேர்ந்த யூஜின் வைனிங் என்பவர் வினாக்களை அமெரிக்கப் பிரெயிலில் பெயர்த்தெழுத அமர்த்தப்பட்டார். அவர் ஹெலனுக்கு அறிமுகமில்லாதவர். பிரெயில் வழியாக அன்றி வேறு வகையில் அவரோடு உரையாடவும் இயலவில்லை.

மொழிப்பாடங்களில் இம்முறை ஓரளவு பயன்பட்டது. கணிதத்தில் பெருஞ்சிக்கல் எழுந்தது. அந்நாளில் ஆங்கிலேய முறை, அமெரிக்க முறை, நியூயார்க் புள்ளிமுறை எனத் தொட்டுணர் எழுத்துமுறைகள் பலவாக வழங்கின. மூன்று முறைகளிலும் கணிதக் குறியீடுகள் வேறுவேறு. ஹெலன் இயற்கணிதத்திற்கு ஆங்கிலேய முறையையே கையாண்டு வந்தார். தேர்வுக்கு இரண்டு நாள்களுக்கு முன் வந்த பழைய வினாத்தாள் ஒன்றைத் தடவிப் பார்த்தபோது, அமெரிக்க முறையின் குறியீடுகள் தமக்குத் தெரியாதவை என்பதை உணர்ந்து திகைத்தார். உடனே வைனிங்குக்கு எழுதிக் குறியீட்டு அட்டவணையைப் பெற்றார். தேர்வுக்கு முந்திய இரவில் அமர்ந்து அவற்றைக் கற்கத் தொடங்கினார். அடைப்புக்குறி எது, வர்க்கமூலக் குறி எது எனப் பிரித்தறிவதே பெரும்பாடாயிற்று.

வடிவியல் தேர்விலும் குழப்பம் தொடர்ந்தது. வழக்கமாக ஆசிரியர் கணக்கைக் கையில் எழுதிக் காட்டுவார். இங்கே ஒவ்வொரு வரியையும் புதிய முறையில் தடவித் தெளிய வேண்டியிருந்தது. தாம் தட்டச்சு செய்த விடைகளைத் திரும்பப் படித்துக் காட்டுவாரும் இல்லை. அறியாத பாடத்தால் அன்றி, அறியாத குறியீட்டால் அவர் இடருற்றார். இவ்வளவு தடைகளையும் கடந்து ஹெலன் தேறினார். தேர்வை எத்துணைக் கடினமாக்கிவிட்டனர் என்பதைக் கல்லூரியார் அறிந்திரார் என்று பின்னாளில் தம் வரலாற்று நூலில் அமைதியாகக் குறித்தார்.

இந்நிகழ்ச்சி நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. உதவி என்னும் பெயர் மட்டும் போதாது. அவ்வுதவி மாணவருக்குப் பழக்கமான வடிவில், உரிய காலத்தில், அவரைக் கேட்டறிந்து வழங்கப்படுதல் வேண்டும்.

பட்டம் பெற்ற முதல்வர்

1900ஆம் ஆண்டு ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். விரிவுரை நடக்கும்போது பிற மாணவியர் குறிப்பெடுப்பர். ஹெலனின் கைகளோ கேட்கும் பணியில் ஈடுபட்டிருந்தன. ஆகையால் அவரால் குறிப்பெடுக்க இயலவில்லை. வீடு திரும்பியபின் நினைவில் நின்றவற்றைத் தட்டச்சு செய்வார். பிரெயிலில் இல்லாத நூல்களை ஆன் சல்லிவன் நாள்தோறும் பலமணி நேரம் படித்துக் கையில் எழுதினார். முன்னரே நலிந்திருந்த ஆசிரியரின் கண்கள் அவ்வுழைப்பால் மேலும் நலிந்தன.

கல்லூரியில் பயிலும்போதே தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1903இல் நூலாக வெளியிட்டார். 1904ஆம் ஆண்டு சிறப்புத் தகுதியோடு இளங்கலைப் பட்டம் பெற்றார். பார்வையும் கேள்வியும் இழந்தோருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. நான்கு ஆண்டுகளும் எல்லா வகுப்புகளிலும் உடனமர்ந்த ஆன் சல்லிவனுக்குப் பட்டம் ஏதும் வழங்கப்படவில்லை.

தாம் பெற்றது பிறர்க்கும்

தாம் பெற்ற கல்வி தம்மோடு நின்றுவிடலாகாது என ஹெலன் கருதினார். 1924 முதல் அமெரிக்கப் பார்வையற்றோர் அறக்கட்டளையோடு இணைந்து பணியாற்றினார். ஊர் ஊராகச் சென்று உரையாற்றினார், நிதி திரட்டினார், சட்டமன்றங்களின்முன் வாதிட்டார். பார்வையற்றோர் எழுத்துமுறை ஒன்றாதல் வேண்டும் என வலியுறுத்தினார். 1932இல் இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஆங்கிலத்திற்குப் பொதுவான பிரெயில் முறையை ஏற்றன. தேர்வறையில் தாம் உற்ற இடர் இனிவரும் மாணவர்க்கு வாராமை கண்டு அவர் மகிழ்ந்திருப்பார்.

1936இல் ஆன் சல்லிவன் மறைந்தார். ஆசிரியரை இழந்த துயரிலும் ஹெலன் பணியை நிறுத்தவில்லை. முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றார். 1955இல், எழுபத்து நான்காம் வயதில், இந்தியா வந்து பிரதமர் நேருவைச் சந்தித்தார். 1964இல் அமெரிக்க அரசு குடிமக்களுக்கு வழங்கும் உயரிய பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்தில் தம் இல்லத்தில் இயற்கை எய்தினார்.

நம் நாட்டில்

ஆன் சல்லிவன் டஸ்கம்பியாவில் கால்வைத்த அதே 1887ஆம் ஆண்டில், இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளியை அமிர்தசரசில் ஆனி ஷார்ப் என்னும் பெண்மணி தொடங்கினார். தமிழகத்தில் பாளையங்கோட்டை இவ்வகைக் கல்வியின் தொன்மையான நிலையங்களுள் ஒன்றாயிற்று. செவித்திறன் குறைந்தோர்க்கான பள்ளியை அங்கே 1897இல் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் நிறுவினார். நம் நாட்டிலும் பிரெயில் முறைகள் பலவாக வழங்கின. 1951இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டபின், தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒரே அடிப்படையில் அமைந்த புள்ளியெழுத்துகளைப் பெற்றன.

ஹெலனின் பெற்றோர் மருத்துவரையும் அறிஞரையும் அணுகி வழி கேட்டனர். ஆன் சல்லிவன் அதிகாரிகளின் பின்னே ஓடி வேண்டினார். இன்று நம் நாட்டில் அந்நிலை மாறி, கல்வி உரிமையாகியுள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கண்ணுக்குப் புலப்படும் குறைபாடுகளோடு, கற்றல் குறைபாடு, புறவுலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம் போன்ற புலப்படாத நிலைகளும் அவற்றுள் அடங்கும். சட்டம் வரையறுத்த அளவு குறைபாடுடைய ஆறு முதல் பதினெட்டு வயது வரையிலான குழந்தைகள், அருகிலுள்ள பள்ளியிலோ தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கல்வி பெறலாம். தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரின் துணையும் கேட்டுப் பெறலாம். நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் மூன்று மணிநேரத் தேர்வுக்கு ஒரு மணிநேரம் கூடுதலாக வழங்கப்படுகிறது.

இவை சலுகைகள் எனச் சிலர் எண்ணக்கூடும். ஹெலனின் தேர்வறையை நினைவுகூர்ந்தால் உண்மை விளங்கும். வினாவைத் தெளிவாகப் படிக்க முடிந்த மாணவியர் நடுவே, வினாவின் குறியீட்டையே தேடித் தடவிக்கொண்டிருந்தார் ஒருவர். அத்தடையை நீக்குவதால் பிறருக்கு இழப்பு ஏதுமில்லை. அவருக்குரிய நேரமே அவருக்குத் திரும்பக் கிடைக்கிறது.

ஹெலன் கெல்லரின் கல்வி தனியொருவர் வெற்றி அன்று. வழிகாட்டிய மருத்துவர், கடிதம் எழுதிய தந்தை, துணைநின்ற தாய், உடனமர்ந்த ஆசிரியர், விரலெழுத்தைக் கற்ற குரோட்டே அம்மையார் எனப் பலருடைய கைகள் சேர்ந்து அக்கதவைத் திறந்தன. வகுப்பறையில் நம் அருகில் அமரும் தோழர் ஒருவருக்கும் அத்தகைய கை தேவைப்படலாம். அதனை அறிந்து நீட்டுவது கற்றவர் கடமையாகும்.

பயிற்சி

அ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஹெலன் தம் தேவைகளைத் தெரிவிக்க உருவாக்கிய சைகைகளுள் இரண்டைக் குறிப்பிடுக.
2. கேட் கெல்லருக்கு நம்பிக்கை அளித்த நூல் எது? அந்நம்பிக்கையோடு எழுந்த ஐயம் யாது?
3. பள்ளியில் சேர ஆன் சல்லிவன் செய்த முயற்சியை எழுதுக.
4. ராட்கிளிஃப் கல்லூரியில் ஹெலனால் குறிப்பெடுக்க இயலாமைக்குக் காரணம் என்ன?

ஆ) ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. 1897ஆம் ஆண்டுத் தேர்வுக்கும் 1899ஆம் ஆண்டுத் தேர்வுக்கும் ஹெலனுக்கு வழங்கப்பட்ட உதவிகளை ஒப்பிடுக.
2. கில்மன் எடுத்த முடிவு நல்லெண்ணம் உடையதாயினும் பொருத்தமற்றதானது ஏன்? உம் கருத்தை எழுதுக.

இ) விண்ணப்பம் வரைக.

பாலசமுத்திரத்தில் வாழும் உம் தோழர் ஒருவருக்குப் பார்வை மங்கியுள்ளது எனக் கொள்க. கரும்பலகையில் எழுதுவது அவருக்குத் தெரியவில்லை. சிறிய எழுத்தில் அச்சிட்ட வினாத்தாளைப் படிக்க நெடுநேரம் ஆகிறது. அவருடைய பெற்றோர் சார்பில் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக. அனுப்புநர், பெறுநர், பொருள், விளிப்பு, நாள், இடம் ஆகியவை அமைதல் வேண்டும். தோழருக்கு வேண்டிய உதவிகள் எவை என்பதை முதலில் அவரிடமே கேட்டறிந்து எழுதுவது போல விண்ணப்பம் அமையட்டும்.